காப்புரிமையின் செக்குபந்தி

செகந்திராபாத் கன்டோன்மென்ட்டின் திருமுல்கேரியிலிருந்து மேற்கே போயின்பள்ளியைத் தாண்டினால் பாலாநகர். அதற்கு வடக்கே ஜீடிமெட்லா. லேத் பட்டறைகளும் டூல் ரூம்களும் மருந்து ஆலைகளும் நெருங்கிக் கிடக்கும் வட்டாரம் இது. 1968இல் தொடங்கப்பட்ட மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனமும் பாலாநகரில்தான் இருக்கிறது. மாத்திரை அட்டை, மசாலாத் தூள், ஷாம்பு சாஷே, பால் பாக்கெட் என்று நம் வீட்டுக்குள் வரும் எதையும் அளந்து நிரப்பி ஒட்டித் தருகிற பேக்கிங் இயந்திரங்களின் பிழைப்பு இப்படிப்பட்ட வட்டாரங்களை நம்பியே நடக்கிறது. இங்கே ஒரு கேள்வி அடிக்கடி தலைதூக்கும். ஒரு இயந்திரத்தில் உள்ள கேம், ஜா, ஹீட்டர், கட்டர், சென்சார் அத்தனையும் எந்த ஃபிட்டருக்கும் தெரிந்தவைதான். அப்படியிருக்க, அவற்றைச் சேர்த்துப் பூட்டிய ஒருவர் “இது என் காப்புரிமை, நீ செய்யாதே” என்று அடுத்த பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியுமா? முடியும் என்றால் எது வரைக்கும்? பதில் இயந்திரத்தின் படத்திலும் இல்லை, காப்புரிமையின் தலைப்பிலும் இல்லை. அதன் கடைசிப் பக்கங்களில் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும் சில நீண்ட வாக்கியங்களில் இருக்கிறது. அந்த வாக்கியங்களை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு விதி உண்டு. போட்டியாளரைப் பிடிக்க எந்த அகலத்தில் படிக்கிறோமோ, பழைய இயந்திரங்களோடு ஒப்பிடும்போதும் அதே அகலத்தில்தான் படிக்க வேண்டும். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால், பேக்கிங் இயந்திர வழக்குகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இயந்திரம். தூளையோ திரவத்தையோ பாக்கெட் போடும் செங்குத்து இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே ஃபிலிம் ரோல். அது காலர் என்னும் வளைவான தகட்டின் மேல் ஏறி இறங்கும்போது தட்டையான ஃபிலிம் குழாயாகச் சுருள்கிறது. சேரும் இரண்டு ஓரங்களையும் செங்குத்தான சூட்டுப் பட்டை ஒட்டுகிறது. கீழே இரண்டு ஜாக்கள் குறுக்காக வந்து கவ்வி அடிப்பக்கத்தை மூடுகின்றன. சரக்கு அளந்து விழுகிறது. ஃபிலிம் ஒரு பாக்கெட் நீளம் இறங்கியதும் அதே ஜாக்கள் மறுபடி கவ்வ, கீழ்ப் பாக்கெட்டின் தலையும் மேல் பாக்கெட்டின் அடியும் ஒரே கடியில் ஒட்டப்பட்டு நடுவில் வெட்டப்படுகின்றன. ஹென்றி ஹைட் மிட்டாய் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஸ்வோயர் என்பவர் 1936இல் இந்த முறைக்குக் காப்புரிமை எடுத்தார் என்பது தொழில் வரலாறு. அதன் பிறகு வந்த மாற்றங்கள் பெரும்பாலும் உறுப்புகளில் வந்தவை. கேமுக்குப் பதில் நியூமேட்டிக் சிலிண்டர், பிறகு சர்வோ மோட்டார். ஃபிலிமில் அச்சிட்ட கறுப்புக் குறியைப் படித்து நீளத்தைச் சரிசெய்யும் சென்சார். தூளுக்கு ஆகர், எண்ணெய்க்குப் பிஸ்டன். இத்தனை நெரிசலான துறையில், புதிதாக வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் ஏற்கெனவே உள்ள ஆயிரம் இயந்திரங்களுக்கு நடுவில்தான் தனக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

காப்புரிமை ஆவணத்தில் இரண்டு பகுதிகள் முக்கியம். ஒன்று விவரக்குறிப்பு: இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று படங்களோடு சொல்லும் பகுதி. மற்றொன்று உரிமைக் கோரிக்கைகள். நம் நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவதைப் போன்றது இந்தக் கோரிக்கை. வீடு எவ்வளவு அழகு, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்கலாம். ஆனால் உரிமை எது வரை என்பதைச் செக்குபந்திதான் சொல்லும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970இன் 10ஆம் பிரிவு, விவரக்குறிப்பு எல்லையை வரையறுக்கும் கோரிக்கையோடு முடிய வேண்டும் என்கிறது. உதாரணத்துக்குக் கற்பனையாக ஒரு கோரிக்கை எழுதிப் பார்ப்போம்: “ஃபிலிமைக் குழாயாக்கும் காலர், செங்குத்துச் சூட்டுப் பட்டை, சர்வோ மோட்டாரால் நகரும் ஒரு ஜோடி ஜா, ஃபிலிமின் தடிமனை அளக்கும் சென்சார், அந்த அளவுக்கேற்ப ஜாவின் அழுத்தத்தை மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றைக் கொண்ட பாக்கெட் இயந்திரம்.” இதில் ஐந்து உறுப்புகள். ஐந்தும் உள்ள இயந்திரத்தைச் செய்தால்தான் உரிமை மீறல். ஒன்று குறைந்தாலும் பொதுவாக மீறல் இல்லை. ஆறாவதாக எதையாவது கூடுதலாகச் சேர்த்துவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. மறுபக்கம், விண்ணப்பத் தேதிக்கு முன்னால் வெளியான ஏதேனும் ஒரு ஆவணத்திலோ இயந்திரத்திலோ இந்த ஐந்தும் இருந்துவிட்டால் கோரிக்கை புதிது அல்ல. ஐந்தும் ஓரிடத்தில் இல்லாமல், நான்கு ஓரிடத்திலும் ஐந்தாவது வேறிடத்திலும் இருந்தால் அடுத்த கேள்வி வரும்: துறை தெரிந்த ஒரு தொழிலாளிக்கு இவற்றைச் சேர்ப்பது தானாகத் தோன்றக்கூடியதா? இப்படி முன்பே இருந்தவை எல்லாவற்றையும் வழக்கறிஞர்கள் பிரையர் ஆர்ட் என்பார்கள். நாம் பழைய நுட்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தகராறு இங்கேதான் முளைக்கிறது. காப்புரிமைக்காரர் அடுத்த பட்டறைமேல் வழக்குப் போடும்போது, “தடிமனை அளக்கும் சென்சார் என்றால் அது எந்தச் சென்சாராகவும் இருக்கலாம், ஃபிலிம் கிழிந்ததைக் கண்டுபிடிக்கும் சென்சாரும் ஒரு வகையில் தடிமனைத்தான் பார்க்கிறது” என்று அகலப்படுத்துவார். எதிராளி ஒரு பழைய ஜெர்மன் காப்புரிமையை எடுத்து நீட்டி, “கிழிசலைப் பார்க்கும் சென்சார் அப்போதே உண்டு” என்றதும், “ஐயோ, நான் சொன்னது மைக்ரான் கணக்கில் அளக்கும் சென்சாரை மட்டும்” என்று சுருக்குவார். எதிராளியும் யோக்கியர் அல்ல. மீறல் பேச்சு வரும்போது கோரிக்கையை ஊசிமுனையாக்குவார், செல்லுபடி பேச்சு வரும்போது கடலாக்குவார். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு அகலம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889லேயே இதற்கு முடிச்சுப் போட்டுவிட்டது. பின்னால் வந்தால் மீறலாக இருக்கக்கூடிய ஒன்று, முன்னால் வந்திருந்தால் கோரிக்கையின் புதுமையைக் கெடுத்திருக்கும் என்பது பீட்டர்ஸ் வழக்கில் அது சொன்னதன் சாரம். கேட்க எளிமையாக இருந்தாலும் இது கூர்மையான விதி. எதிராளியின் இயந்திரம் ஏற்கெனவே இருந்த பழைய இயந்திரத்தின் நகல்தான் என்றால், காப்புரிமைக்காரருக்கு இரண்டே வழி. கோரிக்கையை அகலமாகப் படித்தால் அது பழைய இயந்திரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு செல்லாமல் போகும். குறுகலாகப் படித்தால் எதிராளி வெளியே நிற்பார். இரண்டிலும் வழக்கு தோற்கும்.

இந்தியாவில் இதற்கு மிகச் சிறந்த பாடம் மிர்சாபூரிலிருந்து வந்தது. அது பேக்கிங் இயந்திரம் அல்ல. பாத்திரம் கடையும் லேத். ஆனால் பட்டறை இயந்திர வழக்குகள் அனைத்துக்கும் அதுவே தாய் வழக்கு. ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கூட்டு நிறுவனம் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரங்கள் செய்துவந்தது. கடையும்போது பாத்திரம் லேத்திலிருந்து தெறித்துப் பறந்து ஆட்களைக் காயப்படுத்துவது பழைய முறையின் கோளாறு. அதைத் தீர்க்க, லேத்தின் இரு முனைகளான ஹெட்ஸ்டாக்குக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் நடுவில் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் ஓர் அமைப்புக்கு அந்நிறுவனம் காப்புரிமை பெற்றது. அதன் தேதி 1951 டிசம்பர் 13. விஸ்வநாத் பிரசாத் ராதேஷியாம் என்ற இன்னொரு நிறுவனம் அதே போன்ற முறையைக் கையாண்டதாக வழக்கு. காப்புரிமையே செல்லாது என்று எதிர்வாதம். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.எஸ். சர்க்காரியா எழுதிய தீர்ப்பு, தனி நீதிபதி சொன்னதே சரி என்றது. டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடிப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த முறை. அதை வழக்கமான அதே வேலைக்குச் சிறு மாற்றத்தோடு பயன்படுத்தியது வெறும் பட்டறை முன்னேற்றம். திறமையான தொழிலாளியின் கைக்கு எட்டாத எதுவும் அதில் இல்லை. பல உறுப்புகளை ஒன்றாக அடுக்கிவிடுவதாலேயே கண்டுபிடிப்பு ஆகிவிடாது. தீர்ப்பின் சுருக்கம் இது. அன்றைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 16 ஆண்டு. அதாவது, அந்த ஆயுள் முடிந்து 11 ஆண்டு கழித்துத்தான் அது செல்லாது என்ற இறுதி முடிவே வந்தது.

மிர்சாபூர் தீர்ப்பில் நம் வாதத்துக்கு வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, படிக்கும் வரிசை. கோரிக்கையை முதலில் படித்துவிட்டு அதற்கேற்ப விவரக்குறிப்பை வளைக்கக் கூடாது. விவரக்குறிப்பை முதலில் படித்து, எந்தச் சிக்கலுக்கு என்ன தீர்வு என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு பிறகு கோரிக்கைக்கு வர வேண்டும் என்றது நீதிமன்றம். இது அகலத்தை ஒரே தடவையில் தீர்மானிக்கும் முறை. எதிராளியின் இயந்திரத்தையும் பழைய ஆவணத்தையும் மேசையில் வைப்பதற்கு முன்பே எல்லையை அளந்துவிடுகிறோம். அளந்த பிறகு யார் உள்ளே, யார் வெளியே என்று பார்ப்பது வெறும் பொருத்தம் பார்க்கும் வேலை. இரண்டாவது செய்தி, காப்புரிமை அலுவலகம் பரிசோதித்துக் கொடுத்துவிட்டது என்பதாலேயே அது செல்லுபடியாகும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை என்பது. 1970 சட்டத்தின் 13ஆம் பிரிவே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. நோட்டீஸைக் கண்டதும் இயந்திரத்தை ஓரங்கட்டும் பட்டறைக்காரர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்து அதையே மலைபோல் நம்பும் காப்புரிமைக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அகலப்படுத்தினால் பழையதில் இடிக்கும், சுருக்கினால் எதிராளி தப்புவார் என்ற இக்கட்டுக்கு நம் பக்கத்து உதாரணம் ஓசூர் டி.வி.எஸ்.ஸுக்கும் புனே பஜாஜுக்கும் நடந்த வழக்கு. சிறிய எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் 195904 எண் கொண்ட காப்புரிமையை 2005இல் பெற்றிருந்தது. விண்ணப்பத் தேதி 2002 ஜூலை 16. கோரிக்கை சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை என்றும், சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்றும் குறிப்பிட்டது. 2007 இறுதியில் டி.வி.எஸ். கொண்டுவந்த ஃபிளேம் பைக்கில் இரண்டு பிளக், ஆனால் மூன்று வால்வு. கண்டுபிடிப்பின் உயிர் இரண்டு பிளக்கில் இருக்கிறது, வால்வு எண்ணிக்கை பெரிதல்ல என்பது பஜாஜின் வாதம். கோரிக்கையில் எழுதியிருப்பது இரண்டு வால்வு, எங்களுடையது மூன்று. தவிர, இரண்டு பிளக் முறை ஹோண்டாவின் அமெரிக்கக் காப்புரிமையில் ஏற்கெனவே இருக்கிறது என்பது டி.வி.எஸ்.ஸின் வாதம். வால்வு எண்ணிக்கையைக் கழற்றினால் கோரிக்கை ஹோண்டாவை நோக்கி நகர்கிறது, வைத்துக்கொண்டால் ஃபிளேமைவிட்டு விலகுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008 பிப்ரவரி 16 அன்று டி.வி.எஸ்.ஸுக்குத் தடை விதித்தார். டிவிஷன் பெஞ்ச் 2009 மே 18 அன்று அந்தத் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் தகுதிக்குள் போகாமல், கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம், வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள் என்றது. முடிந்தது 2019இல், சமரசத்தில். ஆகவே அந்தக் காப்புரிமை செல்லுமா என்பதற்கு அந்த வழக்கில் இறுதி விடை இல்லை. ஆனால் வாதங்களின் அமைப்பு மட்டும் பாடப் புத்தகத்துக்குரியது.

இந்த விதிக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் ஆட்சேபம் வலுவானது. பேக்கிங் இயந்திரத்தில் எல்லா உறுப்புமே பழையவை. பழையவற்றோடு ஒப்பிட்டே தீர்ப்பு என்றால் இந்தத் துறையில் யாருக்குமே காப்புரிமை கிடைக்காதே என்கிறார்கள். கிடைக்கும். உறுப்புகள் பழையவையா என்பது கேள்வியே அல்ல. அவற்றுக்கு இடையில் உள்ள உறவு புதியதா என்பதே கேள்வி. சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தெரிந்த கருவிகள் தத்தம் வேலையைத் தனித்தனியே தெரிந்த விதத்தில் செய்துகொண்டிருக்கும் வெறும் அடுக்கைத்தான் கண்டுபிடிப்பு அல்ல என்று தள்ளுகிறது. ஒன்றின் வேலை இன்னொன்றின் வேலையை மாற்றினால் நிலைமை வேறு. ஸ்வீடனில் ரூபன் ராவ்சிங்கின் நிறுவனம் 1944இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த டெட்ரா பேக் முறையைப் பாருங்கள். எரிக் வாலன்பெர்க்கின் நான்முகி வடிவ யோசனையில் பிறந்தது அது. தாளைக் குழாயாக்குவது, நிரப்புவது, கவ்வி ஒட்டுவது எல்லாம் அதற்கு முன்பே உண்டு. ஆனால் அவர்கள் பால் மட்டத்துக்குக் கீழேயே, பாலின் ஊடாகவே ஒட்டினார்கள். அதனால் உள்ளே காற்று இல்லை, குழாய் நிற்காமல் ஓடுகிறது. நிரப்புவதும் ஒட்டுவதும் இரண்டு தனி வேலைகளாக இருந்தது போய், ஒன்றை ஒன்று சார்ந்த ஒரே வேலையானது. நம் கற்பனைக் கோரிக்கையும் இப்படித்தான் தேற வேண்டும். கேமுக்குப் பதில் சர்வோ வைத்தது பட்டறை முன்னேற்றம். தடிமன் மாறும் மலிவு ஃபிலிமில் ஒட்டு விட்டுப்போகும் சிக்கலை, அளவையும் அழுத்தத்தையும் பிணைத்துத் தீர்த்திருந்தால் அங்கே பேச இடம் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே அகலம் என்று நின்றால், காப்பியடிப்பவன் ஒரு போல்ட்டை மாற்றிவிட்டுச் சிரிப்பான் அல்லவா? நியாயமான பயம்தான். இதற்காகத்தான், எழுத்தில் இல்லாவிட்டாலும் அதே வேலையை அதே வழியில் செய்வதும் மீறலே என்னும் சமானம் என்ற கருத்தை நீதிமன்றங்கள் வைத்திருக்கின்றன. அதன் முக்கியமான முன்னுதாரணங்களில் ஒன்று பேக்கிங் இயந்திர வழக்கு. வில்லியம் லிடெல் 1896இல் காப்புரிமை பெற்ற, தானாகத் திறந்து நிற்கும் காகிதப் பை செய்யும் இயந்திரம் அது. சுழலும் உருளையின் மேல் ஒரு தகடு தன் பின் விளிம்பை அச்சாகக் கொண்டு ஆடி, பையின் அடிப்பாகத்தை மடிக்கும். எதிராளி தகட்டை ஆட்டும் வழிமுறையை மாற்றியிருந்தார். 1908இல் கான்டினென்டல் பேப்பர் பேக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லிடெலுடையது துறையையே தொடங்கிவைத்த கண்டுபிடிப்பாக இல்லாவிட்டாலும் சமானத்துக்கு அதற்கும் உரிமை உண்டு என்று கூறி மீறலை உறுதி செய்தது. காப்புரிமைக்காரர் தன் இயந்திரத்தை ஓட்டாமல் வைத்திருந்தார் என்பதுகூடத் தடையாகவில்லை. பிரிட்டனில் காட்னிக் வழக்கு: வீட்டுச் சுவர் லின்டெலின் பின்தகடு “செங்குத்தாக” என்று கோரிக்கை. எதிராளியுடையது 6 முதல் 8 டிகிரி சாய்வு. கட்டடத் தொழில் தெரிந்தவர் அந்தச் சொல்லை வடிவகணிதமாகப் படிக்க மாட்டார் என்று கூறி, அதுவும் மீறலே என்றது பிரபுக்கள் சபை. தில்லி உயர் நீதிமன்றம் 1977இல் ராஜ் பிரகாஷ் வழக்கில், ஒரு ஃபிலிம் பார்க்கும் கருவியைப் பற்றிப் பேசும்போது, சாரத்தை எடுத்துக்கொண்டு சில்லறை மாற்றம் செய்தவர் தப்ப முடியாது என்றது. இதெல்லாம் நம் விதியைக் கெடுக்கவில்லை. சமானத்தால் விரிந்த எல்லையும் பழைய நுட்பத்தைத் தொடக் கூடாது என்பதே அதன் கடிவாளம். 1990இல் ஒரு கோல்ஃப் பந்து வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு நல்ல சோதனை சொன்னது: எதிராளியின் பொருளையும் எழுத்துப்படியே உள்ளடக்கும் ஒரு கோரிக்கையைக் கற்பனையாக எழுதிப் பார், அதைக் காப்புரிமை அலுவலகம் அன்று ஏற்றிருக்குமா? ஏற்றிருக்காது என்றால் இன்று நீதிமன்றத்தில் பின்வாசல் வழியாக அது கிடைக்கக் கூடாது.

மூன்றாவது ஆட்சேபம் கண்டுபிடிப்பாளர்களின் நெஞ்சிலிருந்து வருவது. செய்து காட்டிய பிறகு எல்லாருக்கும் எளிதாகத்தான் தெரியும். பின்புத்தியை வைத்துக்கொண்டு பழைய துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினால் எந்தப் புதுமைதான் நிற்கும்? இதில் உண்மை இருக்கிறது. தீர்வு தெரிந்த கண்ணால் தேடினால், நான்கு நாடுகளின் ஆவணங்களிலிருந்து ஐந்து உறுப்புகளையும் பிடித்துவிடலாம். ஆகவேதான் தேதிக்கு இத்தனை முக்கியத்துவம். மிர்சாபூர் தீர்ப்பு கற்பனை செய்யச் சொல்லும் தொழிலாளிக்கு அந்தத் தேதி வரையிலான பொது அறிவு உண்டு, சிக்கலும் தெரியும், ஆனால் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி மட்டும் அவர் கேள்விப்பட்டதில்லை. பழைய ஆவணத்தை அவர் கையில் கொடுத்தால் “எனக்கு வேண்டியது இதுதான்” என்று சொல்வாரா என்பதே சோதனை. துண்டுகளைச் சேர்க்க அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். ஆனால் பின்புத்தி ஆபத்து என்பது கோரிக்கையின் அகலத்தை மாற்ற உரிமம் ஆகாது. உறுப்புகளைச் சேர்க்கத் தோன்றியிருக்குமா என்பது ஒரு கேள்வி. உறுப்பு என்றால் என்ன என்பது வேறு கேள்வி. பின்புத்திக்கு எதிரான பாதுகாப்பு முதல் கேள்விக்குரியது. அதை இரண்டாவது கேள்விக்குள் நுழைத்து, பழைய சென்சார் “என் சென்சார் அல்ல” என்று வழக்கின் நடுவில் பொருளை மாற்றுவதுதான் தவறு.

நான்காவது ஆட்சேபம் பட்டறைக்காரர்களுடையது, நடைமுறை சார்ந்தது. விதி நல்லதாக இருக்கட்டும். பழைய நுட்பம் என்பது ஆவணம் என்றால் எங்களிடம் ஆவணம் ஏது? பல பட்டறைகளில் இயந்திரம் வாய்மொழியாகவும் அளவுக் குறிப்புகளாகவும்தான் பிறக்கிறது. பெரிய நிறுவனம் அதையே படம் வரைந்து விண்ணப்பித்துவிட்டால்? சட்டம் இந்தக் கவலையை மறக்கவில்லை. உலகில் எங்கே அச்சில் வெளியாகியிருந்தாலும் அது கணக்கில் வரும். அதோடு இந்தியாவில் பகிரங்கமாகத் தெரிந்திருந்ததும் புழங்கியதும் கணக்கில் வரும். மிர்சாபூரில் காப்புரிமையைச் சாய்த்தது அயல்நாட்டு ஆவணமல்ல, பாத்திரத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கிவந்த முறை. ஆனால் புழக்கத்தை நிரூபிக்கத் தேதி வேண்டும். இயந்திரம் விற்ற பில், கையெழுத்திட்ட வரைபடம், டெலிவரி சலான், நிறுவிய நாளின் புகைப்படம் எல்லாம் தேதியோடு இருந்தால்தான் சாட்சியாகும். பதிவுகளின் பலத்துக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தட்டையான அடி கொண்ட காகிதப் பையை இயந்திரத்தால் செய்யும் வழியைக் கண்ட மார்கரெட் நைட், தன் இரும்பு மாதிரியைப் பட்டறையில் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு விண்ணப்பித்த சார்லஸ் அன்னனை எதிர்த்து வாதாடினார். வரைபடங்கள், குறிப்புகள், சாட்சிகள் ஆகியவற்றின் பலத்தில் வென்று, 1871 ஜூலை 11 அன்று 116842 எண் அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார். அதற்கு முன்பே பிரான்சிஸ் வோலே 1852இல் காகிதப் பை இயந்திரம் செய்திருந்தார். ஆகவே “காகிதப் பை இயந்திரம்” என்று நைட் கோரியிருக்க முடியாது. தட்டை அடியை மடிக்கும் அமைப்பு அவருடையது. அது வரைக்கும்தான் அவர் எல்லை.

இவற்றை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் செய்யப்படும் இயந்திரத்துக்கான விண்ணப்பம் சென்னை காப்புரிமை அலுவலகத்துக்குத்தான் போகிறது. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு எல்லாம் அதன் எல்லைக்குள். விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகும். வெளியான பின், காப்புரிமை தரப்படும் முன்பு யார் வேண்டுமானாலும் பழைய நுட்பத்தைக் காட்டி எதிர்க்கலாம். தரப்பட்டது வெளியாகி ஓராண்டுக்குள் பாதிக்கப்படுவோர் எதிர்க்கலாம். அதன் பிறகும் 64ஆம் பிரிவின்படி ரத்து கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் மீறல் வழக்கு நடக்கும்போது எதிராளி ரத்து கேட்டு எதிர்மனு போட்டால், இரண்டும் சேர்ந்தே உயர் நீதிமன்றத்துக்குப் போகும். வடிவமைப்புப் பதிவுச் சட்டத்திலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோல்ட்-டெக் பேக்கேஜிங் தன் டப்பா, மூடி வடிவமைப்புகளுக்காக இந்தூரில் தொடுத்த வழக்கில், எதிர்த் தரப்பான எஸ்.டி. கன்டெய்னர்ஸ் பதிவையே ரத்து செய்யக் கேட்டது. யார் விசாரிப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 டிசம்பர் 1 அன்று வழக்கு மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வுக்கு மாற்றப்பட்டது. மீறலையும் செல்லுபடியையும் ஒரே நீதிபதி ஒரே மேசையில் பார்க்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு வெறும் நடைமுறைச் சடங்கு அல்ல. இரண்டு மன்றங்களில் நடந்தால், ஒன்றில் அகலமாகவும் மற்றதில் குறுகலாகவும் பேச வாய்ப்பு கிடைத்துவிடும்.

ஆக, ஒரே அகலம் என்ற விதி காப்புரிமைக்காரருக்கு எதிரானதும் அல்ல, காப்பியடிப்பவருக்கு அடைக்கலமும் அல்ல. விண்ணப்பம் எழுதும் நாளிலேயே அது கண்டுபிடிப்பாளரிடம் நேர்மையைக் கேட்கிறது. உன் புதுமை சர்வோவிலா, சென்சாரிலா, இரண்டையும் பிணைத்த விதத்திலா? பிணைப்பில் என்றால் அதைச் சொல். காலரையும் சூட்டுப் பட்டையையும் சேர்த்துப் பெரிய இடமாகக் காட்டாதே. அகலமான முதல் கோரிக்கைக்குப் பின்னால் படிப்படியாகக் குறுகும் துணைக் கோரிக்கைகளை எழுதிவைக்க எல்லாருக்கும் வாய்ப்பிருக்கிறது. அகலமானது சாய்ந்தாலும் குறுகியது நிற்கலாம். நோட்டீஸ் வாங்கிய பட்டறைக்காரருக்கும் வேலை இருக்கிறது. கோரிக்கையை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி, பக்கத்து வரிசையில் தன் இயந்திரத்தையும், அதற்குப் பக்கத்தில் தேதியோடு பழைய இயந்திரத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று வரிசையிலும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இது வழக்கறிஞரிடம் போவதற்கு முன் ஒரு ஃபோர்மனும் முதலாளியும் உட்கார்ந்து ஒரு மாலையில் செய்து முடிக்கக்கூடிய காரியம். மிர்சாபூர்க்காரர்களுக்குப் பல ஆண்டு கழித்துக் கிடைத்த பதிலின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.